பன்னிரண்டு வெயில்

காலை ஒன்பதரை மணிக்கு முபாரிஸ் வீட்டின் பின்வளவில் நின்று, ஒரு சவர்க்காரப் பெட்டியைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். தெரியாதவர்கள் பார்த்தால், சூரியனைக் குளிக்கச் சொல்கிறான் என்றுதான் நினைப்பார்கள். ஆலங்குடாவில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. ஆகவே யாரும் எதுவும் நினைப்பதில்லை. பெட்டியின் மூடியில் வெட்டிய சதுர ஓட்டைக்குள் எறும்பளவு இலக்கங்கள் துடித்தன. நாலுக்கும் ஆறுக்கும் இடையில் கொஞ்சம் தடுமாறிவிட்டு ஐந்தில் நின்றன.

"எத்தின?" என்று கண்ணாடி யன்னலுக்குப் பின்னாலிருந்து அவனுடைய அக்கா, நிஃப்லா ராத்தாவின் குரல் கேட்டது.

"அஞ்சு, அஞ்சு, அஞ்சு! உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, பின்னுக்கு இடமிருக்கு!" என்று பஸ் கொண்டக்டரின் குரலில் கத்தினான்.

"அப்ப நீயே காயப்போடு." யன்னல் ஒரு சாண் திறந்தது. ஈரமான ரோஸ் நிறச் சால்வை ஒன்று வெளியே பறந்து வந்து அவன் தலையில் விழுந்தது. யன்னல் மூடிக்கொண்டது.

வேலிக்கு அப்பால் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்த ரபியா மாமி நிமிர்ந்து பார்த்தார். "மகன், இண்டைக்கு பொண்ணு பாக்க வாறது ராத்தாவையா, ஒன்னையா?"

"ரெண்டு பேரும் ரெடி மாமி. எடுக்கிறது அவங்கட இஷ்டம்."

நிஃப்லாவைப் பார்க்கக் கனமூலையிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை ஹுனைஸ் கட்டாரில் குளிரூட்டி திருத்துகிற வேலை. தென்னங்காணி உள்ள, பரம்பரையாகப் புத்தளத்திலேயே இருக்கிற குடும்பம். முபாரிஸின் வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரு பையோடு அகதியாக வந்தவர்கள். ஓலைக் கொட்டில் கல்வீடாகி, கல்வீட்டுக்கு மார்பிள் பதித்த பிறகும், கனமூலை ஆட்கள் இந்தப் பக்கத்தைக் "கேம்ப்" என்றுதான் சொல்வார்கள். அங்கேயிருந்து ஒரு சம்பந்தம் வருவது சின்ன விசயமில்லை. "அஸருக்குப் பொறகு வாங்க" என்று உம்மா ஜுனைதா சொல்லி அனுப்பியிருந்தாள். காரணம் சொல்லவில்லை. வெயில் சாய்ந்த பிறகு முபாரிஸின் பெட்டி ஒன்று, இரண்டுக்கு மேல் காட்டாது என்பதுதான் காரணம்.

நிஃப்லா முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். போன வருடம் பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்குப் பழக்கிக்கொண்டிருந்த மாதத்தில் அவளுடைய இரண்டு கன்னங்களும், மூக்கைப் பாலமாக வைத்து, சிவந்து தடித்தன. விரல் மூட்டுகள் வீங்கின. கொழும்பில் ஒரு டொக்டர் அதற்கு லூபஸ் என்று பெயர் சொன்னார். உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்து அடிக்கிற வருத்தம், வெயில் பட்டால் அடி கூடும் என்றார். ஒழுங்காகக் குளிசை போட்டு வெயிலைத் தவிர்த்தால் எல்லோரையும் போல இருக்கலாம், கலியாணம் கட்டலாம், பிள்ளையும் பெறலாம் என்றும் சொன்னார். திரும்பி வரும் பஸ் சிலாபத்தைத் தாண்டுவதற்குள் உம்மா இரண்டாவது பாதியை மறந்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்த முதல் சம்பந்தம், யாரோ எங்கோ "புள்ளைக்கு ஏதோ வருத்தமாம்" என்று சொன்னதோடு நின்றுபோனது. அன்றிலிருந்து வருத்தம் என்ற சொல்லே வீட்டுக்குள் தடை. காய்ச்சல் வந்தாலும் "உடம்பு சுடுது" என்றுதான் சொல்ல வேண்டும்.

வெளியே போக வேண்டிவந்தால் நிஃப்லா முகத்தை மூடிக்கொண்டாள். கைக்கு உறை போட்டாள். ஊர் அதை ஈமான் கூடியதாக எடுத்துக்கொண்டது. ரபியா மாமி தன் மகள்மாருக்கு அவளை உதாரணம் காட்டினார். பள்ளிவாசல் பக்கத்தில் மரியாதை கூடியது. "நான் வெயிலுக்குப் பயந்தது. இவங்க அல்லாஹ்வுக்குப் பயந்தது எண்டு நெனக்கிறாங்க" என்று ஒருநாள் அவள் சொன்னாள். முபாரிஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "உண்மையா மூடுற புள்ளைகளுக்கு முன்னால எனக்கு வெக்கமா இருக்கு தம்பி" என்றாள்.

அந்த வாரம்தான் அவன் சென்சருக்கு ஓடர் கொடுத்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் வருடம். அங்கே அவன் காய்ச்சல் என்று லீவு கேட்டாலும் வகுப்பே சிரிக்கும். அவ்வளவு காலமும் செய்த பகிடி அப்படி. கழியூதாக் கதிர் என்று பாடப்புத்தகத்தில் படித்தது, கண்ணுக்குத் தெரியாமல் தோலைச் சுடுகிற வெளிச்சம் என்று விளங்கியது ராத்தாவின் கன்னத்தைப் பார்த்த பிறகுதான். தபாலில் வந்த சென்சர் நகத்தளவுதான் இருந்தது: மூன்று கம்பி, நடுவில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டில் விழுகிற கழியூதாக் கதிருக்கு ஏற்ப வோல்ற்று கூடும். அதை ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினிப் பலகை வாங்கிக் கணக்குப் பார்த்து, பூச்சியம் தொடங்கிப் பன்னிரண்டு, பதின்மூன்று வரை ஒரு சுட்டெண்ணாகக் காட்டும். முதல் நாள் முன்னறைக்குள் யன்னலோரம் நல்ல வெயில் விழும் இடத்தில் வைத்துப் பார்த்தான். ஒன்றுக்கு மேல் ஏறவில்லை. விற்றவனுக்கு இணையத்தில் ஒரு கள்ளனுக்குரிய மரியாதையோடு விமர்சனம் எழுதிவிட்டு, எறிவதற்காக வெளியே கொண்டுபோனான். வாசற்படி தாண்டியதும் இலக்கம் ஒன்பதுக்குப் பாய்ந்தது. அந்தக் கதிரில் பெரும்பகுதியை யன்னல் கண்ணாடியே மறித்திருக்கிறது. விற்றவனிடம் மன்னிப்புக் கேட்டானோ இல்லையோ, அன்றிலிருந்து ராத்தா உட்காரும் கதிரை கண்ணாடி யன்னலுக்குப் பக்கத்துக்கு மாறியது. பகலில் அவள் வெளியைப் பார்த்தபடி இருக்கலாம் என்பது பெட்டி கொண்டுவந்த முதல் நல்ல செய்தி. மழைத்தூறல் படாமல் சென்சரின் மேல், குழாய்ப் புரிக்குச் சுற்றுகிற வெள்ளை நாடாவை ஒரு சுற்று ஒட்டினான். சட்டம் இரண்டு பேரும் சேர்ந்து போட்டார்கள்: இரண்டு வரை சும்மா போகலாம், மூன்று, நாலு என்றால் குடையோடு, அதற்கு மேல் வாசலைத் தாண்டக்கூடாது. ஒரு வருடமாக அவள் அவனுடைய எண்ணைக் கேட்டுத்தான் காலை வெளியே வைத்தாள்.

பதினொன்றரைக்குக் கேற்றடியில் வேன் ஹோர்ன் அடித்தது.

"யா அல்லாஹ்!" உம்மா மாவுக் கையோடு ஓடி வந்தாள். வாப்பா கடலுக்குப் போயிருந்தார். பெண்கள் பார்க்க வருகிற நாளில் ஆம்பிளைகள் வீட்டில் நிற்பது வழக்கமும் இல்லை. முபாரிஸ் ஆம்பிளைக் கணக்கில் வரமாட்டான் என்று உம்மா ஏற்கனவே தீர்ப்புச் சொல்லியிருந்தாள். சோடாப் போத்தல் உடைக்க யாராவது வேண்டுமே.

மாப்பிள்ளையின் உம்மா கமறியா இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார். "மன்னிச்சிக்கோங்க மதினி, வேன்காரன் பின்னேரம் வேற ஹயருக்குப் போறானாம். இப்ப வந்தா உண்டு, இல்லாட்டி அடுத்த மாசமாம். சமைக்க வேணாம், தேத்தண்ணி போதும்." பின்னால் அவருடைய மூத்த மகள் நிஸ்மியா, ஒரு கையில் இனிப்புத் தொதல் பெட்டி, மறு கையில் போன்.

முன்னறையில் திரைச்சீலைகள் எல்லாம் இழுத்து விட்டிருந்தன. நிஃப்லா காய்ந்தும் காயாத ரோஸ் சால்வையோடு வந்து ஸலாம் சொல்லி உட்கார்ந்தாள். முகம் திறந்திருந்தது. இந்தச் சில மாதங்களில் கன்னம் தெளிந்திருந்தது. உற்றுப் பார்த்தால்தான் ஓரத்தில் ஒரு நிழல் தெரியும். கமறியா உற்றுத்தான் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தார். ஓதுவாயா, தைப்பாயா, புளியாணம் வைப்பாயா என்று வழமையான கேள்விகள் நடந்தன. சோடாவை நீட்ட வந்த முபாரிஸின் கையிடுக்கில் பெட்டி இருந்தது. வைக்க இடமில்லாமல் அலுமாரிக்கு மேல் வைத்தான். கமறியாவின் கண் அதிலே விழுந்தது.

"அதென்ன மகன், லைட் எரியுது?"

"வெயில் அளக்கிற பொட்டி மாமி."

"வெயில அளந்து? விக்கவா? எங்கட பக்கம் கொண்டுவராதீங்க, தேவைக்கு மேல இரிக்கி."

"இல்ல மாமி, கூடின எடத்தால எடுத்து கொறஞ்ச எடத்துக்கு அனுப்புற பிளான். நுவரெலியாவால ரெண்டு மூடை கேட்டிருக்காங்க."

கமறியா சிரித்த சிரிப்பில் சோடா தளும்பியது. "இந்த மகன எங்களுக்குத் தாங்க மதினி, வீட்ட வச்சிக்கொள்றம்!" உம்மாவும் சிரித்தாள். காலையிலிருந்து அவள் முகத்தில் இறுகிக்கிடந்தது எல்லாம் அவிழ்வதை முபாரிஸ் கண்டான். தன்னால்தான் அவிழ்கிறது என்பதும் அவனுக்குத் தெரிந்தது, பிடித்திருந்தது.

நிஸ்மியா மட்டும் எழுந்துபோய்ப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "கெட்டித்தனமாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி. உண்மைக்கும் என்னத்துக்கு இது?"

நிஃப்லா தலையை உயர்த்தி அவனைப் பார்த்தாள். சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பவரின் பார்வை அது.

"கொலிஜ் ப்ரொஜெக்ட்" என்றான் முபாரிஸ். "மார்க்ஸ் போடுவாங்க."

அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

தேத்தண்ணி வருவதற்குள் கட்டாரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. நிஸ்மியா போனை நிஃப்லாவுக்கு முன்னால் பிடித்தாள். தகரக் கூரைக்குக் கீழே படம் உறைந்து உறைந்து போனது. ஹுனைஸின் முகம் வாய் பிளந்தபடி நின்றது. "வெளியில போவம்" என்றாள் நிஸ்மியா. "சிக்னலும் கிடைக்கும், வெளிச்சமும் நல்லம். இஞ்ச இருட்டில புள்ளைட நெறம் ஒண்டும் விளங்குதில்ல."

"வெயிலா இருக்கே..." என்றாள் உம்மா.

"ஒரு நிமிஷந்தானே மதினி. புள்ள என்ன உருகியா போவா?"

யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கமறியா கவனிக்கவில்லை. உம்மா முபாரிஸைப் பார்த்தாள். நிஃப்லாவும் எழுந்து நின்று அவனைப் பார்த்தாள். வழக்கமான குரலில், அந்தச் சபையில் யாருக்கும் வித்தியாசமாகப் படாத குரலில், கேட்டாள்:

"எத்தின தம்பி?"

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். கையை நீட்டினான். இலக்கம் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் ஏறிப் பன்னிரண்டில் நின்றது. முன்வளவு மணல் கண்ணைக் கூசியது. பன்னிரண்டு என்றால், ஏன் போகக்கூடாது என்று கேட்பார்கள். கேட்டால் ஒரு பதில் வேண்டும். பதில் சொன்னால் வேன் திரும்பும். கொலிஜ் ப்ரொஜெக்ட் என்று சொன்ன வாய் என்ன ஆகும்? இதெல்லாம் ஒரு மூச்சுக்குள் ஓடியது. பின்னால் கமறியா இன்னும் நல்ல மனநிலையில், "என்ன இஞ்சினியர் மகன், எத்தின மூடை?" என்று கேட்டார்.

"மூண்டு" என்றான் முபாரிஸ்.

"மூண்டுதானே" என்றாள் நிஃப்லா. குடையை எடுத்தாள்.

குடையை அவளிடமிருந்து வாங்கி அவனே பிடித்தான். அவ்வளவாவது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். முருங்கை நிழலில் சிக்னல் இரண்டு கோடுதான். நிஸ்மியா பின்னுக்குப் பின்னுக்குப் போய், முன்வளவின் நடுவுக்கு அவர்களை இழுத்துவிட்டாள். ஹுனைஸ் தெளிவாக வந்தான். காதுகள் கொஞ்சம் பெரிதாக, வெட்கத்தில் கண்ணைப் போனில் வைக்கத் தெரியாமல் இருந்தான். நல்ல ஆள் போலத்தான் தெரிந்தது. அது முபாரிஸுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"நீங்க படிப்பிச்சீங்களாமே?"

"ஓம், முன்பள்ளியில. இப்ப இல்ல."

"ஏன் விட்டீங்க?"

வாசலில் நின்ற உம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். "கொஞ்ச நாள் வீட்ட இருக்கலாம் எண்டு" என்றாள் நிஃப்லா.

"தம்பி, குடைய எடுங்க" என்றாள் நிஸ்மியா. "புள்ளைட முகம் கறுப்பா விழுது."

முபாரிஸ் ராத்தாவைப் பார்த்தான். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடையை மடக்கினான். அது மடங்குகிற சத்தம் அவன் காதுக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது.

"இப்ப பாரு! மாஷா அல்லாஹ்!" என்றாள் நிஸ்மியா. அந்தப் பக்கம் கடல் தெரியுமா என்று ஹுனைஸ் கேட்டான். பாலைவனத்தில் கடல் இருக்கிறது, ஆனால் அது நம்முடைய கடல் மாதிரி மணப்பதில்லை என்றான். போனில் மணம் வராது என்று நிஃப்லா சொன்னாள். அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். வேலியோரம் வரை நடந்து, கடலைக் காட்டி, வள்ளங்களைக் காட்டி, காற்றாலைகளைக் காட்டி, அழைப்பு இரண்டு தடவை அறுந்து, மறுபடி எடுத்து, ஒரு நிமிசம் என்பது தேத்தண்ணி ஆறி ஆடை படிகிற வரை நீண்டது. பின்னால் மடக்கிய குடையோடு முபாரிஸ் நடந்தான். ஒரு வருடமாக அவள் இவ்வளவு தூரம் பகலில் நடந்ததில்லை. அவள் அப்படிச் சிரித்தும் கனகாலம்.

போகும்போது கமறியா தொதலில் ஒரு துண்டு பிய்த்து நிஃப்லாவின் வாயில் ஊட்டினார். நிஸ்மியா முபாரிஸின் நம்பரை வாங்கிக்கொண்டாள். "பேசி முடிக்கும் வரைக்கும் புள்ளைக்கு நேர எடுக்கிறது சரியில்ல. ஹுனைஸ் எடுத்தா நீங்க குடுங்க."

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. பின்னேரம் முழுக்க உம்மா ரபியா மாமியோடு வேலியில் நின்று கதைத்தாள். முபாரிஸ் மனதுக்குள் வாதாடிப் பார்த்தான்: டொக்டர்மார் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள். சென்சரும் மலிவுச் சாமான். வெள்ளை நாடா வெளிச்சத்தைக் கூட்டியும் காட்டலாம். மறுநாள் விடிய நிஃப்லாவின் கன்னங்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. அதற்கு அடுத்த நாள் அந்தச் சிவப்பு தடித்து மூக்கைத் தாண்டி இரண்டு பக்கமும் ஏறியது. விரல்கள் மடங்கவில்லை. பாண் துண்டைப் பிய்க்க முடியாமல் தட்டைத் தள்ளி வைத்தாள்.

முபாரிஸ் அறைத் திரைச்சீலைக்கு வெளியே நின்றான்.

"நிண்டு என்ன செய்றாய்? வா" என்றாள்.

போய்க் கட்டில் விளிம்பில் இருந்தான். கையில் கொண்டுவந்த குளிசை அட்டையைப் பிய்த்து, குளிசையை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"பொட்டி அண்டைக்கு மூண்டு எண்டா காட்டினது?"

"பற்றரி கொஞ்சம் வீக் போல ராத்தா, சில நேரம் அது..." பகிடி ஒன்று வரப் பார்த்தது. பாதி வழியில் நின்றது. "இல்ல."

"எத்தின?"

"பன்னண்டு."

"எனக்குத் தெரியும்" என்றாள். "ஒரு காலை வெளிய வச்சோடன தெரியும். என்ட நெழல் காலுக்குக் கீழ ஒட்டிக்கொண்டு கிடந்திச்சு. மணல் சுட்டது. கண்ணில்லாதவளா நான்?"

"அப்ப ஏன் வந்தீங்க?"

அவள் குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் பிடிக்க முடிந்தது.

"நீ மூண்டு எண்டு சொல்லிட்டாய். அத்தன பேருக்கும் முன்னால நான் ஒன்னப் பொய்க்காரனாக்கவா?"

அவள் கோபத்தோடு சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு வழி இருந்திருக்கும். சுவரில் ஊரும் ஒரு பல்லியின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல்கள் சூடாகின. கழுத்து சூடானது. வேறு யாராவது தன்னைப் பற்றி இப்படியொரு கதையைக் கல்லூரியில் சொன்னால், கடைசி வரியில் எங்கே சிரிப்பு வைப்பது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். இதில் வைக்க இடமில்லை.

"எனக்கு அவரப் பிடிச்சிருக்கு தம்பி" என்றாள் நிஃப்லா, வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல. "அதுதான் பிரச்சின."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுக் கை கழுவும்போது அவனுடைய போன் அடித்தது. ஹுனைஸ். கட்டாரில் லீவு நாள். வீடியோ.

உம்மா குசினியிலிருந்து பாய்ந்து வந்தாள். "தூக்காத! இல்ல, தூக்கு, தூக்கி ராத்தா சாச்சி வீட்ட போயிட்டா எண்டு சொல்லு. ஒரு கிழமையில முகம் சரியாயிரும். நீ சொன்னா நம்புவாங்க, ஒன்ட கதை அவங்களுக்குப் பிடிக்கும்."

முபாரிஸின் வாய்க்குள் வசனம் தயாராகவே இருந்தது. சாச்சி வீட்டில் போன் சிக்னலும் இல்லை, சாச்சிக்கு மூளையும் இல்லை என்று தொடங்கினால் ஹுனைஸ் சிரிப்பான். போன் அடித்துக்கொண்டேயிருந்தது.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நிஃப்லா வந்தாள். தலையில் சால்வை இருந்தது, முகம் திறந்திருந்தது. இரண்டு கன்னங்களும் இறைச்சிச் சிவப்பில் தடித்திருந்தன. மேசையடியில் கதிரையை முழங்கையால் இழுத்து உட்கார்ந்தாள்.

"அவர்தானே? தூக்கு."

"ராத்தா..."

"என்ட கையால போனப் பிடிக்கேலாது. நீ பிடி."

"அல்லாவுக்காக முகத்த மூடு புள்ள" என்றாள் உம்மா.

"அவர் என்னப் பாக்கத்தானே உம்மா எடுக்கிறார்."

உம்மா சுவரில் சாய்ந்தாள். முபாரிஸ் ராத்தாவுக்கு முன்னால் முழங்கால் போட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தி, போனை அவள் முகத்துக்கு நேராக உயர்த்தினான். திரையின் மூலையில் அவள் முகம் சின்னதாக விழுந்தது. மறு கையையும் கொடுத்து இறுக்கிப் பிடித்தான்.

"கொஞ்சம் மேல" என்றாள். "வெளிச்சம் விழட்டும்."

உயர்த்தினான். பெரிய திரை கறுப்பாக இருந்தது. நடுவில் ஒரு வட்டம் சுழன்றது. பிறகு கட்டாரில் ஏதோ ஓர் அறை திறந்தது. ஒரு வெள்ளைச் சுவர், சுவரில் ஆணியில் தொங்கும் நீல நிற வேலை உடுப்பு, யாரோ போனை நிமிர்த்தி வைக்கிற விரல்கள். முகம் இன்னும் வரவில்லை.